சாவி அடுத்த வீட்டில்

சாவியா? சாவி இப்போது இங்கே இல்லை. கூடத்துக் கதவில் 'சாவி அடுத்த வீட்டில்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்? அடுத்த வீடு இதுதான். சீனியம்மாள் நான்தான். எழுதியிருப்பது மட்டும் பொய். இரண்டு மாதமாகப் பொய். என்னிடமிருந்து சாவியைப் பிடுங்கத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பலகையைப் பிடுங்கத் தெரியவில்லை.

நில்லுங்கள், எங்கே போகிறீர்கள்? பிள்ளைகள் சாயங்காலம்தான் வருவார்கள். அதுவரைக்கும் இந்த வெயிலில் கூடத்து வாசலில் நிற்பீர்களா? உள்ளே வாருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். ஃபேன் போடுகிறேன்.

தண்ணீர் குடியுங்கள். பேப்பர் கப்புதான், தப்பாக நினைக்காதீர்கள். புதிதாக யார் வந்தாலும் இதில்தான் கொடுப்பது. சுத்தம் பாருங்கள். குடித்தோம், கசக்கினோம், போட்டோம். யார் வாய் வைத்தது என்கிற கவலை இல்லை.

மதுரையிலிருந்தா? ட்ரஸ்ட்டா? பிள்ளைகளுக்கு வாத்தியம் கொடுக்கிற ட்ரஸ்ட்டா! அப்படியென்றால் நீங்கள் முதலில் பேச வேண்டியது என்னிடம்தான். நல்லவேளை, அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. தேவசகாயம் சார் உங்களிடம் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லுவார். சொல்லட்டும். என் பக்கத்தையும் நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டுவிட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ட்ரஸ்ட்டிலிருந்து வந்தவர்கள் சொன்னால் கேட்பார். சாவியைச் சீனியம்மாளிடமே கொடுங்கள் என்று ஒரு வார்த்தை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

தேவசகாயம் சாருக்கு ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ட்ரம்பெட் ஊதுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால், கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கிற பேண்டு செட்டு ஒன்று கடையை மூடியது. டி.ஜே. வந்த பிறகு அவர்களை யார் கூப்பிடுகிறார்கள்? அந்த வாத்தியங்களை இவர் கேட்டு வாங்கி, குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இந்தச் சமுதாயக் கூடத்தில் இறக்கினார். எல்லாம் பச்சைக் களிம்பு. குழாய்க்குள் சிலந்தி. பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்தது யார்? நான். பீரோவில் அடுக்கியது யார்? நான். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன்.

அன்றைக்கு சார் தெருவில் நின்று எல்லோரிடமும் சொன்னார்: "காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கீபோர்டு கிளாஸ் இருக்கு. இது இல்லாத பிள்ளைகளுக்கு. ஃபீஸ் கிடையாது. எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போனவள் நான். பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு டிரம் அடிக்கிற பிள்ளைகளை அவ்வளவு ஆசையாகப் பார்ப்பேன். என் மகள் சிந்துஜாவுக்காவது அது கிடைக்கட்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். எந்தத் தெருப் பிள்ளையும் என்று அவர் சொன்னபோது, இந்த மூன்று தெருவைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அடுத்த வாரம் பார்த்தால், இந்த மூன்று தெருவையும் தாண்டி இருக்கிற ஓடைக்கரைப் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்கின்றன.

நான் ஒன்றும் சொல்லவில்லையே! ஒரு வார்த்தை சொன்னேனா? எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சுண்டல்தான் அவித்தேன். மாரிச்செல்வி என்று ஓடைக்கரையில் ஒரு பிள்ளை. ஒல்லிக் குச்சி. ஆனால் ட்ரம்பெட்டைக் கையில் எடுத்தால் இந்தச் சுவரெல்லாம் அதிரும். ஒருநாள் பயிற்சியில் மயங்கி விழுந்துவிட்டது. என் வீட்டு வாசல்படியில் உட்காரவைத்து, சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தது நான்தான். பிள்ளைகள் எல்லாம் என்னைப் 'பீரோ அத்தை' என்றுதான் கூப்பிடும். "பீரோ அத்தை, என் யூபோனியத்தை எங்க வச்சிய?" "பீரோ அத்தை, டிரம் குச்சிய இவன் முதுகு சொறிய எடுத்துட்டுப் போயிட்டான்." சனி ஞாயிறானால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இப்போது மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

உங்களுக்குச் சொந்த ஊரே மதுரையா? இந்தப் பக்கப் பேச்சு வருகிறதே! பிள்ளையார்குளமா? அம்மா ஊரா? அடடா, அதை முதலில் சொல்லக்கூடாதா! பிள்ளையார்குளம் வடக்குத் தெருவில்தான் என் சின்னம்மாவைக் கொடுத்திருக்கிறது. மூக்கைப் பார்த்தபோதே நினைத்தேன், இது நம் வகையறா மூக்கு என்று. நீங்கள் சிரிப்பதும் அப்படியே சின்னம்மா சாடைதான். அப்படிப் பார்த்தால் நீ எனக்கு மகள் முறை.

இதென்ன, உனக்குப் போய்ப் பேப்பர் கப்பு! இங்கே கொடு அதை. போட்டுவிட்டேன். இரு, காபி கலக்கிறேன். நல்ல டம்ளரில் தருகிறேன், உட்கார்.

இந்தா. சூடாக இருக்கிறது, பார்த்துப் பிடி. ஆறட்டுமா? சரி, ஆறட்டும்.

நீ நம் பிள்ளை என்பதால் சொல்கிறேன். வெளி ஆள் என்றால் இதைச் சொல்ல மாட்டேன்.

வாத்தியம் கொஞ்சம்தான். பிள்ளைகள் அதிகம். அதனால் ஒரு ட்ரம்பெட்டை இரண்டு பிள்ளைகள் மாற்றி மாற்றி ஊத வேண்டும். ஒருத்தி ஊதி முடித்ததும் பாவாடையில் ஒரு துடை துடைத்து அடுத்தவளிடம் நீட்டுவாள். அவள் அப்படியே வாயில் வைப்பாள்.

"சார், இது எச்சில் இல்லையா?" என்று கேட்டேன்.

"பேண்டுன்னா அப்படித்தாங்க்கா. ஒருத்தர் மூச்ச ஒருத்தர் வாங்கித்தான் ஊதணும்" என்று சிரிக்கிறார்.

இது சிரிக்கிற விஷயமா? நான் விடவில்லை. சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் நாலைந்து சர்ச்சில் கேட்டு ஒரு மஞ்சள் பை நிறைய மவுத்பீஸ் கொண்டுவந்தார். மவுத்பீஸ் தெரியுமல்லவா உனக்கு? குழாய் முனையில் செருகி, வாய் வைத்து ஊதுகிற பித்தளைக் குமிழ். வாத்தியம் பொதுவாக இருந்தாலும் மவுத்பீஸ் ஆளுக்கு ஒன்று. வாரா வாரம் எல்லாவற்றையும் வாங்கி, வெந்நீரில் போட்டு, பிரஷ் வைத்துக் கழுவி, துணியில் காயவைத்து எடுத்து வைப்பது என் பொறுப்பு.

இப்போது நீயே சொல். எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கிற பித்தளை. கழுவும்போது மாறிவிட்டால்? யாருடையதை யார் வாயில் வைப்பது? அதனால் ஓடைக்கரைப் பிள்ளைகளுடையதில் மட்டும் நீல நூல் சுற்றினேன். கழுவுவதற்கு வேறு சட்டி. அவ்வளவுதான். அவர்களுக்கும் வெந்நீர்தான், இவர்களுக்கும் வெந்நீர்தான். பையில் இருந்ததில் பளபளவென்று இருந்ததை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கறுத்துப்போய், கையில் எடுத்தால் கல் மாதிரி கனத்த பழசு கொஞ்சம் இருந்தது. அதை அவர்களுக்கு. பழசு என்றாலும் ஓட்டை இல்லை, உடைசல் இல்லை. யாருக்கும் தெரியாது, யார் மனமும் நோகவில்லை. சாருக்கே தெரியாது. இதில் என்ன தப்பு?

அங்கேதான் வினை. அந்தக் கறுத்த பழசில்தான் சத்தம் நன்றாக வந்திருக்கிறது. நான் என்ன கண்டேன்? பித்தளை கனமாக இருந்தால் சத்தம் உருண்டு வருமாம். புதுசு எல்லாம் ஊதினால் கீச்சென்று இருக்கும், மாரிச்செல்வி ஊதினால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். பிள்ளைகள் இதைக் கவனித்துவிட்டன. கவனித்து அதுகளாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டன. என்ன முடிவு தெரியுமா? பீரோ அத்தை நன்றாக ஊதுகிறவர்களுக்குத்தான் நீல நூல் கட்டுகிறார் என்று!

சிரிக்காதே, மகளே. எனக்கு அப்போது தெரியாது. சிந்து மட்டும் அடிக்கடி கேட்பாள்: "எனக்கு எப்பம்மா நீல நூல் கட்டுவ?"

"உனக்கு எதுக்குடி அது?"

"நானும் நல்லாத்தானம்மா ஊதுறேன். மாரிச்செல்வி அளவுக்கு இல்ல. ஆனா நல்லாத்தான் ஊதுறேன்."

"வாய மூடிக்கிட்டுப் படுடி."

அவள் அழுதிருக்கிறாள். தனக்கு இன்னும் அந்தத் தகுதி வரவில்லை என்று, பெற்ற தாயே தன்னை மட்டம் தட்டுகிறாள் என்று. பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து மொட்டைமாடியில் நின்று ஊதுவாள். உதடு தடித்துப்போகும். நான் வெண்ணெய் தடவிவிடுவேன். நீல நூலுக்காக இந்தப் பாடு என்று யார் நினைப்பார்கள்?

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே. ஒருநாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு நானும் ஊதிப் பார்த்தேன். சிந்து மவுத்பீஸில்தான். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அப்புறம் ஒரே ஒரு தடவை, எருமைக்கன்று கத்துகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கே சிரிப்பு. சரி, அதை விடு.

சுதந்திர தினத்துக்கு நகராட்சி மைதானத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். முதல் தடவையாக ஊர் முன்னால். கொடி ஏறினவுடன் முதலில் ஒரு ட்ரம்பெட் மட்டும் தனியாக ஊத வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்ற வாத்தியங்கள் சேரும். அந்தத் தனி ஊதலுக்கு இரண்டு பேரைப் பார்த்தார் சார். மாரிச்செல்வி, சிந்து. கடைசியில் சிந்துவைத்தான் நிறுத்தினார். மாரிச்செல்விக்கு முடிக்கிற இடத்தில் தனி ஊதல். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டது நான். முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், பெரிய ஆட்களோடு.

கொடி ஏறியது. என் மகள் ஒரு அடி முன்னால் வந்து, ட்ரம்பெட்டைத் தூக்கி வாயில் வைத்தாள். வெயிலில் அது தங்கம் மாதிரி மின்னுகிறது. அதன் முனையில் நீலமாக ஒன்று தொங்குகிறது.

நீல நூல்.

எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. எழுந்ததும் ஓடியதும் தெரியவில்லை. போய் அவள் வாயிலிருந்து அதைப் பிடுங்கினேன். பிடுங்கின வேகத்தில் உதடு பல்லில் பட்டுக் கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. என் முந்தானையால் அவள் வாயைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே அவள் காதோடுதான் சொன்னேன், சத்தியமாகக் காதோடுதான்: "அது ஓடைக்கரைக்காரங்க எச்சிடி! உனக்குன்னு நான் தனியா வச்சிருக்கேன்ல!"

அவளுக்கு முன்னால் மைக் இருந்தது. ட்ரம்பெட்டுக்காக வைத்த மைக். அது எனக்கு எப்படித் தெரியும்? மைதானம் முழுக்க நாலு மூலையிலும் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தார்கள். என் குரல் எனக்கே நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்தது.

நீயே சொல், தப்பு யார் மேல்? மைக்கை அணைத்து வைக்காதவன் மேல் இல்லையா?

மாரிச்செல்வி வரிசையில் நின்றது. அது அழவும் இல்லை. அதன் கையில் சிந்துவின் பளபளப்பான மவுத்பீஸ் இருந்தது. விஷயம் இதுதான்: காலையில் அந்தப் பிள்ளைதான் தன்னுடையதைக் கழற்றி சிந்துவிடம் கொடுத்திருக்கிறது. "முதல்ல நீதான ஊதப்போற. நீல நூலு இன்னைக்கு உனக்கு. கடைசியில எனக்குத் திருப்பிக் குடு" என்று சொல்லி. தானமாகக் கொடுத்திருக்கிறது! யார் கேட்டது? ஒரு வார்த்தை என்னிடம் வந்து கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்குமா?

அன்றைக்கு பேண்டு வாசிக்கவில்லை. ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் தேவசகாயம் சார் வந்தார். அதற்குள் இரண்டு சட்டி விஷயமும் அவர் காதுக்குப் போயிருந்தது. எப்போதும் "அக்கா, ஒரு காபி" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர், வாசலிலேயே நின்றார்.

"சாவியக் குடுங்கக்கா."

"அப்ப மவுத்பீஸை யாரு கழுவுவா?"

"பிள்ளைங்களே கழுவிக்கிடும். ஒரே சட்டியில."

"நோய் நொடி வந்தா?"

"வந்துருச்சேக்கா. மூணு வருஷமா எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

இப்படி ஒரு பேச்சு! மூன்று வருஷம் அந்தக் கூடத்தைக் கோவில் மாதிரி வைத்திருந்தவளைப் பார்த்து. ஒரு நன்றி இல்லை. அந்தச் சாவியை முந்தானையால் துடைத்துத்தான் அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைக்கூடப் பார்க்கவில்லை.

சாரை விடு, அவர் வெளி ஆள். என் வயிற்றில் பிறந்தது செய்ததைச் சொல்கிறேன் கேள். மறுவாரம் பயிற்சிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். ஓடைக்கரைப் பிள்ளைகள் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ட்ரம்பெட், யூபோனியம், கிளாரினெட், எல்லாவற்றிலும் நீல நூல். டிரம் அடிக்கிறவன்கூடக் குச்சியில் சுற்றியிருக்கிறான். யார் கட்டியது? சிந்து. எந்த நூல்? என் தையல் டப்பாவில் இருந்த என் நூல்கண்டு. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே ஒவ்வொன்றாகச் சுற்றிப் பல்லால் கடித்து முடிச்சுப் போடுகிறாள், உதட்டில் காயத்தோடு.

அன்றைக்கு ராத்திரி காபி கொண்டுபோய் வைத்தேன். அவளுடைய டம்ளர், அவள் பெயர் வெட்டினது. தொடவில்லை.

"மாரிச்செல்வி மயங்கி விழுந்தப்ப எதுலம்மா தண்ணி குடுத்த?" என்று கேட்டாள்.

"பேப்பர் கப்புல. ஏன், அதுல என்ன?"

"எனக்கும் அதுலயே குடு."

அன்றைக்குப் பிடித்த பிடிவாதம். சோறு தின்ன இரண்டு தெரு தள்ளி என் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறாள். இங்கே வந்து படுக்க மட்டும் செய்கிறாள். அவள் அப்பா லாரியில் போனால் பத்து நாளைக்கு வருவதில்லை. போனில் சொன்னால் "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க" என்கிறார். எங்கே பேசுகிறாள்? பேண்டு முடிந்து வந்து அந்த வாசல்படியில் உட்காருவாள். மாரிச்செல்வியை நான் உட்காரவைத்த அதே படி. கையை நீட்டுவாள், பேப்பர் கப்பைக் கொடுப்பேன். நான் காபியை ஊற்றுவேன். குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். சொந்த வீட்டில், பெற்ற தாயிடம்! எனக்கு எப்படி இருக்கும் என்று ஒருத்தருக்காவது தோன்றுகிறதா?

அதனால்தான் சொல்கிறேன் மகளே, சாவி என்னிடம் வர வேண்டும். சாவி வந்தால் அவள் பீரோவுக்காவது என்னிடம் வந்துதானே ஆக வேண்டும்? "அம்மா, ட்ரம்பெட்டை எடுத்துக் குடு" என்று ஒரு வார்த்தையாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? அவரிடம் சொல்வாயல்லவா? உங்கள் ட்ரஸ்ட்டில் பிள்ளைக்கு ஒரு வாத்தியம் என்று கொடுத்துவிடுங்கள். அதுதான் எல்லாவற்றுக்கும் நல்லது. ஆளுக்கு ஒன்று இருந்துவிட்டால் யாருக்கும் யார் எச்சிலும் இல்லை, சண்டையும் இல்லை. பழையபடி எல்லாம் சரியாகிவிடும்.

அதோ, கூடத்துக் கதவு திறக்கிற சத்தம். வந்துவிட்டார்கள். இரு, இரு, இப்போது ஊதுவார்கள். இது யூபோனியம், பெரிய குழல், ஒரு குண்டுப் பையன் ஊதுவான். இது... இது சிந்து. ஒரு ஊதலில் கண்டுபிடித்துவிடுவேன். கேள், எப்படி உருண்டு வருகிறது பார். மாரிச்செல்வியுடையதில் ஊதுகிறாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அதிலேயேதான் ஊதுகிறார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதே கனத்தில் புதுசாக நானே ஒன்று வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேனா?

என்ன, எழுந்துவிட்டாய்? காபியைத் தொடவே இல்லையே! ஆடை படிந்துபோய் இருக்கிறது. இரு, சூடு பண்ணித் தருகிறேன்.

என்ன? என்ன கேட்டாய்?

பேப்பர் கப்பிலா?

நீ பிள்ளையார்குளம் வடக்குத் தெரு என்றுதானே சொன்னாய்? சொல்லவில்லையா? நானாகத்தான் சொன்னேனா?

சரி. சரி, நீங்கள் போங்கள். கூடத்தைத் திறந்துவிட்டார்கள், போய்ப் பாருங்கள். டம்ளர் அப்படியே இருக்கட்டும். உங்கள் கப்பை நான்தான் கசக்கிப் போட்டுவிட்டேன். அடுக்களையில் ஒன்று இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கடைக்காரன் திங்கட்கிழமைதான் கொண்டுவருவான். அதை மட்டும் கேட்காதீர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் வந்து படியில் உட்காருவாள். அந்தக் கப்பும் இல்லையென்றால் அவள் கையை நீட்டவே மாட்டாள்.